நோயாளி வாடிக்கையாளன் அல்லன்

1951ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளரிடம் கட்டணம் அறவிடும் முறை நீக்கப்பட்டது. இடையில் 1971 முதல் 1977 வரை வெளிநோயாளரிடம் வாங்கப்பட்ட 25 சதத்தையும், சில வைத்தியசாலைகளில் உள்ள கட்டண விடுதிகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. அதனை ஒழிக்கும் மசோதா எதனையும் எந்த அரசாங்கமும் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்ததில்லை, கொண்டுவரத் துணிந்ததுமில்லை. அப்படியிருந்தும், இந்நாட்டில் வைத்தியத்துக்குச் செலவாகும் மொத்தப் பணத்தில் ஏறத்தாழப் பாதி இன்று மக்களின் மடியிலிருந்தே போகின்றது. ஏட்டில் இலவசம், மடியில் செலவு. இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதை எமது வாசகர்கள், அவர்கள் உத்தியோகத்தராயினும் கமக்காரராயினும், சற்று நின்று சிந்திக்க வேண்டும் என விரும்புகின்றோம்.

சட்டம் பயின்றோர் என்ற முறையில் முதலில் ஒன்றைக் கூறிவைக்கின்றோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். சுகாதாரத்துக்கான உரிமை என்று ஒன்று அங்கே இல்லை. நாம் உரிமை என்று எண்ணிக்கொண்டிருக்கும் இலவச வைத்தியம் அரசாங்கத்தின் கொள்கை மாத்திரமே. கொள்கையாகத் தரப்பட்டதைப் பறிப்பதற்குச் சட்டம் இயற்றவேண்டிய அவசியம் இல்லை. மருந்து அலுமாரியை நிரப்பாமல் விட்டால் போதும். பழுதான ஸ்கான் இயந்திரத்தைத் திருத்தாமல் விட்டால் போதும். நோயாளி தானாகவே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத் தனியார் நிலையத்துக்குப் போய்விடுவான்.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பே தனியாகத் தொழில் புரியவும் அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து காலையில் அரச விடுதியில் நோயாளரைச் சுற்றிப் பார்க்கும் நிபுணரே மாலையில் தனியார் வைத்தியசாலையில் அமர்ந்து ‘சனல்’ செய்தவரைப் பார்க்கின்றார். காலையில் வரிசையில் நின்றவனுக்கு இரண்டு நிமிடம். மாலையில் பணம் கட்டியவனுக்குப் பத்து நிமிடம், அல்லது பல வேளைகளில் அதே இரண்டு நிமிடந்தான். வைத்தியரை மாத்திரம் நாம் குறை கூறவில்லை. அவருடைய சம்பளம் அவர் கற்ற கல்விக்கும் சுமக்கும் பொறுப்புக்கும் போதாது என்பதை நாம் அறிவோம். ஆனால் அக்கல்வி யாருடைய பணத்தில் பெறப்பட்டது? 1945 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கல்வியின் செலவில், கமக்காரனும் தோட்டத் தொழிலாளியும் கடையில் வாங்கும் சீனிக்கும் மாவுக்கும் செலுத்தும் வரியில் பெறப்பட்டது. வைத்தியருக்கு நியாயமான சம்பளம் கேட்போம். அதற்காக நாம் போராடவும் தயார். ஆனால் பொதுப்பணத்தில் உண்டான அறிவை மாலை நேரத்தில் ஏலத்துக்கு விடும் ஏற்பாடு எந்த நியாயத்தின்பாற்படும்?

“வைத்தியமும் ஒரு சேவைதானே, சேவைக்கு விலை வாங்குவதில் என்ன பிழை?” என்று சிலர் கேட்கின்றனர். சந்தையைப் பற்றிக் கமக்காரருக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ வெங்காயத்தைக் கொண்டுபோனால் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டுகின்றார்கள். அது அநியாயம் என்று கமக்காரன் கூக்குரலிடுகின்றான். ஏன் கூக்குரலிட முடிகின்றது? தராசு அவன் கண்முன்னே நிற்கின்றது. நிறை அவனுக்குத் தெரியும். விலை சரிவராவிட்டால் சாக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வீடு போகவும் முடியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் வந்தவனுக்கு இவற்றில் எது முடியும்? தனக்கு எது தேவை என்பது அவனுக்குத் தெரியாது. தேவையைச் சொல்பவரும் அவரே, அதனை விற்பவரும் அவரே. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கெனத் அரோ 1963இல் எழுதிய கட்டுரையொன்றில் வைத்தியம் ஏன் ஏனைய பண்டங்களைப் போல் சந்தையில் ஒழுங்காக இயங்காது என்பதை விளக்கினார். அவர் சந்தைக்கு எதிரியல்லர். சந்தையின் இலக்கணத்தை வகுத்தவர்களில் ஒருவர்.

எம்மவரோ அதற்கும் நெடுங்காலத்துக்கு முன்னரே இதனை அறிந்திருந்தனர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன். ஐந்தாவதாகப் பங்குதாரனும் ஆறாவதாகக் காப்புறுதிக் கம்பனியும் அப்பட்டியலில் இல்லை. இன்று இந்த ஐந்தாமவரும் ஆறாமவரும் உண்ட மிச்சமே ஏனைய நால்வருக்கும் என்ற நிலை வந்துகொண்டிருக்கின்றது.

காப்புறுதி என்பதையே நாம் வெறுப்பதாக எவரும் கருத வேண்டாம். ஒருவனுக்கு வரும் இடரைப் பலர் பகிர்ந்துகொள்வது உயர்ந்த ஏற்பாடு. எமது கிராமங்களில் உள்ள மரண உதவிச் சங்கங்கள் செய்வது என்ன? மாதம் ஒரு சிறு தொகை. வீட்டில் சாவு விழுந்தால் பந்தலும் கதிரையும் பணமும் அன்று மாலையே வந்து சேரும். இறந்தவருக்கு முன்னரே இருமல் இருந்ததா என்று எந்தச் சங்கச் செயலாளரும் கேட்டதில்லை. அங்கே இலாபம் பெறுவோர் இல்லாமையால் மறுப்பதில் நயம் பெறுவோரும் இல்லை.

கம்பனியின் கணக்கு வேறு. வாங்கிய தவணைப் பணத்திலிருந்து நோயாளருக்குக் கொடுத்ததைக் கழித்து, நிர்வாகச் செலவையும் கழித்தால் எஞ்சுவது இலாபம். ஆகவே நோயாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் கம்பனிக்கு இழப்பு. இது எமது வருணனையன்று. அத்தொழிலின் சொந்தப் பாசையே அது. காப்புறுதிக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில், கோரிக்கைகளுக்காகக் கொடுத்த பணத்தின் விகிதத்தை ஆங்கிலத்தில் இழப்பு விகிதம் என்றே குறிப்பிடுகின்றார்கள். ஒரு பிள்ளையின் உயிரைக் காத்த சத்திரசிகிச்சையும் அந்த ஏட்டில் இழப்புத்தான். கம்பனியின் முகாமையாளர் கெட்டவராயிருக்க வேண்டிய அவசியமில்லை. நல்லவராயிருந்தாலும், நோயாளியைத் தவிர்ப்பதே அவருக்கு இடப்பட்ட தொழில்.

இவ்விடத்தில் ஒரு வழக்கு விபரத்தைக் கூறுவது பொருந்தும். கிளிநொச்சிப் பகுதியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகனின் வற்புறுத்தலால் வைத்தியக் காப்புறுதி எடுத்து ஐந்து ஆண்டுகள் தவறாது பணம் கட்டியவர். இருதயத்தில் அடைப்பு என்று கண்டு கொழும்பில் சிகிச்சை பெற்றபின் கோரிக்கை அனுப்பினார். மறுத்துவிட்டார்கள். காரணம், படிவத்தில் இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருந்ததாம். அதற்கு முன்னொரு காலத்தில் கிராம வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியில் அழுத்தம் சற்றுக் கூட என்று எழுதி ஒரு மாதக் குளிசை கொடுத்திருந்தார்கள். அதனைத் தேடிப் பிடித்திருந்தார்கள். படிவத்தை நிரப்பியவர் முகவர். கமக்காரர் கையொப்பம் மாத்திரம் இட்டார். படிவம் எந்த மொழியில் இருந்தது என்று கேட்டோம். “அது அவையின்ர பாசை, ஐயா” என்றார். நாம் எழுதிய கடிதங்களின் பின் கம்பனி தன் பொறுப்பை ஏற்காமலே பாதித் தொகையைக் கொடுத்தது. அதற்கிடையில் தோட்டக் காணி ஈட்டில் போய்விட்டது.

அக்கம்பனி தன் மறுப்புக் கடிதத்தில் காட்டிய நியாயம் ‘அதியுயர் நல்லெண்ணம்’ என்னும் கோட்பாடு. காப்புறுதி எடுப்பவன் தான் அறிந்த முக்கியமான விடயம் அனைத்தையும், கேளாவிட்டாலும், சொல்லியாக வேண்டும் என்பது அது. எமது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் ஆயுள், தீ என்னும் காப்புறுதிகளுக்கு இங்கிலாந்துச் சட்டத்தையே இந்நாட்டுச் சட்டமாக்கியது. அவ்வழியே இக்கோட்பாடும் வந்து குடியேறிற்று. இதன் மூலம் 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த காட்டர் எதிர் போயெம் வழக்கு. சுமத்திராத் தீவிலுள்ள கோட்டையொன்றை எதிரிகள் தாக்கக்கூடும் என்பதற்காகக் காப்புறுதி செய்தவன் உண்மைகளை மறைத்தான் என்று காப்புறுதியாளன் வாதாடினான். கம்பனிகளின் சட்டத்தரணிகள் இவ்வழக்கை மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்: அந்த வழக்கில் தோற்றவன் காப்புறுதியாளன். தான் விசாரித்து அறிந்திருக்கக் கூடியதை விசாரியாது பணம் வாங்கிவிட்டு, பின்னர் ‘எனக்குச் சொல்லவில்லை’ என்பது செல்லாது என்றே மான்ஸ்பீல்ட் கூறினார். இங்கிலாந்தும் 2012இல் புதுச் சட்டமொன்றால் சாதாரண நுகர்வோரை இக்கடமையிலிருந்து விடுவித்துவிட்டது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதில் சொன்னால் அங்கே போதுமானது. இங்கே விற்பனையாகும் படிவங்களின் கீழே இன்னும் பழைய வாசகமே கிடக்கின்றது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். நூற்றைம்பது ஆண்டு கழிந்து, தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலே எழுதியும் வைத்தபின், தமிழ்க் கமக்காரன் தன் நோயைப் பற்றிய ஒப்பந்தத்தைத் தான் வாசிக்க முடியாத மொழியில் ஒப்பமிடுகின்றான். மொழியுரிமை பேசும் எமது மேடைகளில் இது ஏன் இன்னும் ஒலிக்கவில்லை?

கம்பனிகள் எவரைத் தவிர்க்கின்றன என்பதையும் பாருங்கள். முதியோரை, ஏற்கெனவே நோயுற்றோரை, நீண்டகால நோயாளரை. வவுனியா தொடக்கம் அநுராதபுரம் வரை 1990களிலிருந்து கமக்காரரையே தேடிப் பீடித்துவரும் சிறுநீரக நோய் இருக்கின்றதே, வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு வேண்டிய அந்நோயாளிக்கு ஆண்டு எல்லை குறித்த காப்புறுதி எத்தனை மாதம் தாங்கும்? பத்திரத்தின் விதிவிலக்குகளில் இன்னொன்று உண்டு: யுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் வரும் காயத்துக்குப் பொறுப்பில்லை. எம் மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமா? யுத்த காலம் முழுவதும் வன்னி வைத்தியசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் அரச சம்பளம் பெற்ற வைத்தியர்களும், பதிவுபெற்ற மருத்துவ உத்தியோகத்தரும், தாதியரும், தொண்டர்களுமே. 2009 மாசியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளான பின்னரும் அவர்கள் நோயாளரைக் கைவிடாது இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வேலை செய்தார்கள். அந்த அரசோடு எமக்கிருந்த, இருக்கின்ற பிணக்குகள் எவை என்பது இப்பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். ஆயினும் இலாபத்தை நம்பிய வைத்தியம் அங்கே ஒரு நாளாவது நின்றிருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது தகும்.

இப்பாதையின் முடிவு எங்கே என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2023இல் அந்நாடு தன் தேசிய வருமானத்தில் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட்டது. இலங்கையின் செலவு நூற்றுக்கு நான்கு அளவில். அவ்வளவு செலவிட்டும் அவ்வாண்டில் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் அமெரிக்கர் காப்புறுதி எதுவுமின்றி இருந்தனர். 2021இல் அங்கே இலட்சம் பிரசவத்துக்கு 33 தாய்மார் அளவில் இறந்தனர். அது கொரோனா ஆண்டு என்பதை ஒத்துக்கொள்கின்றோம். இருந்தும், எமது ஏழை நாட்டின் வழமையான கணக்கே 30ஐ ஒட்டியது என்பதை நினைத்துப் பாருங்கள். 2010இல் நிறைவேறிய சட்டம், தவணைப் பணம் நூறு டொலரில் எண்பதையோ எண்பத்தைந்தையோ சிகிச்சைக்குச் செலவிட்டே ஆகவேண்டும் என்று கம்பனிகளைக் கட்டாயப்படுத்த நேர்ந்தது. ஏற்கெனவே நோயுற்றவரை மறுக்கக்கூடாது என்ற விதி 2014இல்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. இன்சுலினைக் கண்டவர்கள் 1923இல் அதன் உரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கொரு டொலருக்குக் கொடுத்தார்கள். அதன் புதிய வடிவங்களில் ஒன்று 1990களில் புட்டியொன்று 21 டொலர் அளவில் விற்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் அதன் பட்டியல் விலை 270 டொலரைத் தாண்டிற்று. நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட யாழ்ப்பாணத்துக்கு இக்கதை தூரத்துக் கதையன்று.

விலையை அடக்க ஓர் அரசால் முடியும் என்பதையும் இதே இலங்கைதான் உலகுக்குக் காட்டியது. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துப் பெயர்கள் அறுநூறு அளவில் அவசிய மருந்துகளாகச் சுருக்கப்பட்டன. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பொதுப்பெயரால், உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, மலிவானது வாங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அதே ஆண்டிலேதான் இங்கே ஆட்சி மாற்றத்துடன் பிபிலேயின் திட்டம் கைவிடப்படலாயிற்று. அவரும் கயானா நாட்டிலே காலமானார். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தது அதே வழியில் மீண்டும் வைத்த ஓர் அடி.

அரசாங்க வைத்தியம் குறையற்றது என்று நாம் வாதாட வரவில்லை. 2022இல் நாடு கடனடைக்க இயலாது என்று அறிவித்தபோது சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், நோயாளரே மருந்து வாங்கிவர நேர்ந்ததையும் கண்டோம். தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பான குற்றச்சாட்டில், முன்பு சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். அவ்வழக்கைப் பற்றி இங்கே பேசுவது முறையன்று. எனினும், அரசு ஊழல் நிறைந்தது, ஆகவே தனியாரிடம் விடுவோம் என்போர் ஒன்றை விளக்கட்டும். அரசுக்கு மருந்து விற்பது யார்? அங்கேயும் ஒரு வியாபாரி இருக்கின்றானே!

இனி, எம்மவரில் கற்றோரை நோக்கி ஒரு கசப்பான வார்த்தை. அரசாங்க ஊழியருக்கென ‘அக்ரஹார’ என்றொரு வைத்தியக் காப்புறுதி இருக்கின்றது. தமிழில் அச்சொல் எந்தத் தெருவைக் குறிக்கும் என்பதைப் பெயர் வைத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, பொருத்தமான பெயர்தான். வங்கி உத்தியோகத்தருக்கும் தனியார் கம்பனிப் பொறியியலாளருக்கும் வேறு காப்புறுதிகள். சட்டத்தரணிகளாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். இவ்வாறு ஆசிரியரும் அதிபரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணியும் பெரியாஸ்பத்திரி வரிசையை விட்டு விலகியபின், அங்கே எஞ்சி நிற்பவர் யார்? கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூலிவேலை செய்வோருமே. ஸ்கான் இயந்திரம் மூன்று மாதமாகப் பழுதென்றால் மனு எழுதத் தெரிந்தவர், பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தவர், அமைச்சின் செயலாளரைத் தொலைபேசியில் அழைக்கக்கூடியவர் எவரும் அந்த வரிசையில் இல்லை. நிபுணத்துவச் சிகிச்சைக்கு ஓர் எல்லைக்கு மேல் அந்தக் காப்புறுதியும் காணாது என்பது புற்றுநோய் வந்த பின்னரே அவர்களுக்குத் தெரிகின்றது. அப்போது திரும்பி வரும் இடம் தாம் கைவிட்ட அதே விடுதி.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையைக் கட்டியது பங்குச் சந்தையன்று. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சென்றவர்கள் வழிநெடுகச் சிங்களவரிடமும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் திரட்டிய பணம் அதற்குப் பெருந்துணையாயிற்று; கட்டிய பின் அரச சேவையிலே சேர்ந்தது. அதற்கும் முன், 1930களிலே, மூளாய்க் கிராமத்தவர் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையை நிறுவினர். அங்கத்தவரே சொந்தக்காரர்; மிஞ்சும் பணம் வைத்தியசாலைக்கே. சிறிய நோய்க்கும் பிரசவத்துக்கும் இம்மாதிரி போதும். பெரிய நோய்க்கு அரசைத் தவிர வேறு கதியில்லை. எமது கூட்டுறவுச் சங்கங்கள் வங்கியில் முடக்கி வைத்திருக்கும் பணத்தைக் கொண்டு இன்னும் நான்கு மூளாய்களை ஏன் அமைக்கலாகாது என்று சங்கப் பொதுக்கூட்டங்களில் அங்கத்தவர்கள் கேட்க வேண்டும்.

1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு வைத்தியசாலைகளும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடவாமல் ஆளுநரின் கையில் எல்லாம் போயிற்று. மாகாண வைத்தியசாலைகளை மத்திக்கு மாற்றினால் பணம் வரும் என்று ஆசை காட்டுவோரும் உளர். அதிகாரமும் நிதியும் சேர்ந்தே வரவேண்டும் என்பதுதான் எமது நிலைப்பாடு. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கும் பேரத்துக்கு எமது பிரதிநிதிகள் இணங்கலாகாது.

காப்புறுதி விடயத்தில் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, ஒவ்வொரு கம்பனியும் ஆண்டொன்றில் எத்தனை வைத்தியக் கோரிக்கைகளை எக்காரணத்துக்காக மறுத்தது என்பதை வெளியிடச் செய்தல் வேண்டும். பத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். கேளாத கேள்விக்காக மறுக்கும் உரிமையை எடுத்தல் வேண்டும். இவற்றைக் கோரி மனுவொன்றை ஆயத்தம் செய்துகொண்டிருக்கின்றோம். அதற்கு ஆதாரம் தேவை. வைத்தியக் கோரிக்கை மறுக்கப்பட்ட வாசகர்கள் மறுப்புக் கடிதத்தின் பிரதியையும், படிவத்தின் பிரதி இருந்தால் அதனையும் எமது காரியாலயத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். பெயரும் ஊரும் வெளியிடப்படமாட்டா. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் அது வாசித்துக் காட்டப்பட்டதா, யாரால், எப்போது என்பதைத் தனித்தாளில் எழுதிச் சேர்க்கவும்.